ஏன் கழற்றினீர்கள்?

பெரியப்பாவின் புல்லட் என் வீட்டுக்கு வந்தபோது அதில் அமால் கார்புரேட்டர் இல்லை. 1964 மாடல் வண்டி. புதுக்கோட்டைப் பக்கம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர் அவர். கண்மாய்க் கரைகளைப் பார்வையிட அந்த வண்டியில்தான் போவார். காலையில் கிக்கரில் கால் வைப்பதற்கு முன்னால் கார்புரேட்டரில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானை அழுத்துவார். பெட்ரோல் கசிந்து விரல் நனையும். வழியனுப்ப நிற்கும் என் தலையை அந்தக் கையாலேயே தடவிவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அந்த வாசனை என்னோடு வரும்.

எண்பதுகளில் யாரோ ஒரு மெக்கானிக் அந்த அமாலைக் கழற்றிவிட்டு மிக்கார்ப் போட்டிருக்கிறார். அப்போது நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். கழற்றியது எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

திருச்சி பாலக்கரையில் பாய் கடை. நாற்பது வருடத்துக்கு மேலாகப் புல்லட் தவிர வேறு வண்டியைத் தொடாதவர். "மிக்கார்ப்லதான் நல்லா ஓடுதே தம்பி, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார். பொத்தானையும் பெட்ரோல் வாசனையையும் பற்றிச் சொன்னேன். அதற்குமேல் அவர் மறுத்துப் பேசவில்லை. "சரி, தேடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க" என்றார்.

நான் காட்டவில்லை. இரவு பதினொரு மணிக்கு போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அமால் மோனோபிளாக், 376. 'நல்ல கண்டிஷன்'. பாடி வெள்ளிக் கிண்ணம்போல மின்னியது. விடிவதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பதற்றம். ₹4,500 அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பாய் அதை வாங்கி, மேல் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்லைடைச் சுண்டுவிரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். டக், டக் என்று சத்தம் வந்தது. பிறகு இன்ஜினோடு சேரும் ஃபிளாஞ்சின் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஸ்கேலுக்கும் உலோகத்துக்கும் நடுவே வெளிச்சம் பிறைபோலத் தெரிந்தது. இரண்டு போல்ட்டையும் ஓங்கி முறுக்கி முறுக்கியே ஃபிளாஞ்ச் வளைந்துவிட்டது. மோனோபிளாக்கின் பாடி துத்தநாகக் கலவையில் வார்த்தது, மிருதுவானது. ஸ்லைடு அதற்குள் ஏறி இறங்கி இரண்டுமே தேயும். தேய்ந்த சந்து வழியாகக் காற்று புகுந்துவிட்டால் ஐடில் நிற்காது. வண்டி சிக்னலில் துடித்துத் துடித்து அணையும். பாடி அப்படி மின்னியதற்குக் காரணம் பஃபிங். பஃப் அடித்ததில் பாடியில் குத்தியிருந்த எண்ணும் பாதி அழிந்துபோயிருந்தது. 376-க்குப் பிறகு ஒரு சாய்கோடு, அதன்பின் இன்னோர் எண். எந்த வண்டிக்காக, எந்த ஜெட் வைத்து அது அமைக்கப்பட்டது என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும். என்னுடையதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இத ஏன் கழட்டுனாங்கன்னு கேட்டீங்களா தம்பி?"

கேட்கவில்லை. என்ன விலை, எத்தனை நாளில் வரும், இந்த இரண்டும்தான் கேட்டிருந்தேன். பழைய பாகம் வாங்குவதில் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஒரு பாகம் தானாகக் கழன்று விற்பனைக்கு வந்துவிடாது. யாரோ ஸ்பேனர் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வண்டியே காயலான் கடைக்குப் போனதால் கழற்றியிருந்தால் அந்தப் பாகம் நல்லதாக இருக்கலாம். மிக்கார்ப் வந்துவிட்டது, காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்று அமாலைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தால் அது பொக்கிஷம். ஐடில் நிற்கவில்லை என்று கழற்றியிருந்தால் அந்த நோயைத்தான் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மூன்றும் போட்டோவில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

புல்லட்காரர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சிசி புல்லட் உருவாகத் தொடங்கியது. அந்த 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் இன்ஜின் இங்கிலாந்தில் அறுபதுகளிலேயே நின்றுபோனது. இங்கே அது பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது. 1977-இல் அது பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆனது. ரெட்டிட்சில் செய்த ஐம்பதுகளின் புல்லட்டை வைத்திருக்கும் ஆங்கிலேயர்கள் இன்று பாகம் தேடும்போது இந்தியாவின் பக்கமும் திரும்புகிறார்கள். மோனோபிளாக்கூட இங்கிலாந்தில் இப்போதும் புதிதாகவே தயாராகிறது. அதைத் தருவித்திருக்கலாமே என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். எனக்குப் பெரியப்பாவின் வண்டி ஓடிய காலத்தில் ஓடிய ஒன்று வேண்டியிருந்தது.

பாகம் இருந்தால் மட்டும் போதுமா? சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ நாம் கையால் வாங்குவோம். கியரைத் தூக்கிப் பல்லின் முனையை நகத்தால் நெருடுவோம். போல்ட்டை நாலு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றுவோம். போனில் கண் மட்டும்தான் நம்முடையது; கை விற்பவருடையது. அந்தக் கையை நமக்காக வேலை செய்யவைக்க வேண்டும். அளந்து சொல்லச் சொல்ல வேண்டும், ஆட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பொருள் கையில் இருப்பவர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. ஒரே படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பவர்தான் "வேணும்னா வாங்குங்க, நிறையப் பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்று அவசரப்படுத்துவார்.

மரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் மரை இன்ச் கணக்கு. ஒரே வண்டியில் விட்வொர்த், பிஎஸ்எஃப், இன்ச்சுக்கு 26 மரை உள்ள சைக்கிள் திரெட் எல்லாம் கலந்து வரும். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, சைக்கிள் திரெட்டின் கோணம் 60. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் பிடிக்கும். நாம் அழுத்தினால் உள்மரை சீவிப்போகும். பிஸ்டனும் அப்படித்தான். 20 சைஸ், 40 சைஸ் என்று பாய் சொல்வது ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச் கணக்கில். 20 சைஸ் என்றால் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரியது. 'புல்லட் பிஸ்டன், புதுசு' என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது அமால் கிடைத்தது ஜலந்தர் பக்கத்தில். 'பழைய புல்லட் சாமான்கள்' என்று ஒரு பெண்மணி படம் போட்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி, உள்ளே என்னென்னவோ. இந்த முறை போனைப் பாயிடம் கொடுத்துவிட்டேன். பாய் வீட்டில் பேசுவது உருது. அவருடைய தக்காண உருதும் அந்தம்மாவின் பஞ்சாபி கலந்த இந்தியும் சேர்ந்து எப்படியோ ஒரு மொழி உருவானது. இறந்துபோன தன் அப்பாவின் சாமான்கள் என்றார் அவர். ராணுவத்தில் இருந்தவராம். எதற்கு என்ன பெயரென்று தனக்குத் தெரியாது என்பதை மறைக்காமல் சொன்னார்.

வீடியோவில் பாய் வகுப்பெடுத்தார். அந்த வளையத்தைத் திருகுங்கள், ஸ்பிரிங் துள்ளும், பார்த்து. உருளையாக ஒன்று வரும், திரும்ப அதை உள்ளே விடுங்கள். இப்போது விரலால் தள்ளுங்கள். போனைக் கிட்டே கொண்டுவாருங்கள். அங்கே விரல் தள்ளியது, இங்கே பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தமே இல்லை. மகனின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொண்டுவரச் சொல்லி ஃபிளாஞ்சில் வைக்கச் சொன்னார். வெளிச்சம் தெரியவில்லை. பிறகுதான் பாய் தன் கேள்வியைக் கேட்டார்: "அப்பா இத ஏன் கழட்டுனாரு, தெரியுமாம்மா?"

தெரியும் என்றார். எங்கள் இருவருக்கும் ஆச்சரியம். பெட்டியிலிருந்த ஒவ்வொரு சாமானிலும் நூலில் கோத்த ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. குர்முகியில் பென்சில் எழுத்து. அந்தம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். கார்புரேட்டரின் அட்டையில் இருந்தது: நல்ல நிலையில் உள்ளது, மகன் வற்புறுத்தியதால் புதியது மாட்டினோம். ஒரு கிளட்ச் பிளேட்டின் அட்டையில்: எரிந்தது, வேறு கிடைக்காவிட்டால் மட்டும். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். பாய் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் ஜலந்தரிலும் பாலக்கரையிலும் யாரும் பேசவில்லை.

கார்புரேட்டர் வந்து சேர்ந்தது. அதே பெட்டியில் நான் ஆசைப்பட்டு வாங்கிய சிலிண்டர் பேரல் நல்லபடியாக வரவில்லை. புல்லட் பேரல் வார்ப்பிரும்பு. அதன் ஃபின்கள் மெலிதானவை, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். அந்தம்மா நாலு சுற்றுச் செய்தித்தாளும் துணியும் சுற்றித்தான் அனுப்பியிருந்தார். வழியில் கூரியர்காரர்கள் எங்கோ போட்டதில் மூன்று ஃபின்கள் போய்விட்டன. என் தவறும் அதில் உண்டு: மரப்பெட்டிக்கு ஆகும் சில நூறு ரூபாயைத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கனமான வார்ப்பு எதையும் அட்டைப்பெட்டியில் வரவழைக்கக் கூடாது. உடைந்த துண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் பித்தளைப் பற்றவைப்பில் ஒட்டவைக்க முடிந்தது. கிட்டப் பார்த்தால் தழும்பு தெரிகிறது.

இரண்டு சாமான்களைப் பழையதாக வாங்கவே மாட்டேன். ஒன்று, பிரேக் ஷூ. 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று அழகான அட்டைப்பெட்டியோடு வரும். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூள் நுரையீரலுக்கு ஆகாது. லைனிங்கை ஒட்டிய பசையும் காய்ந்து விட்டுப்போகலாம். இன்னொன்று, எண் குத்திய கிராங்க் கேஸும் சேஸிஸும். அவற்றில் இருப்பது ஒரு வண்டியின் அடையாளம். ஆர்சி புத்தகமும் முறையான காகிதங்களும் இல்லாமல் அதை விற்கிறவரிடம் 'ஏன் கழற்றினீர்கள்' என்று கேட்டால் நேரான பதில் வராது. ஒருவரிடமிருந்து திருட்டுப்போன வண்டி நம் கொட்டகைக்குள் வந்து நிற்கக் கூடாது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்து, உருமாற்றாமல் வைத்திருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். எண்ணில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. பெரியப்பா வண்டியை நான் கண்மாய்க் கரைக்கு ஓட்டிப்போக வேண்டும். அதனால் வழக்கமான ஆர்சியையே புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

பணம் அனுப்புவதில் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அப்படிச் சொல்கிறவர் ராணுவ அடையாள அட்டையே காட்டினாலும் இணைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் ஜலந்தர் அமாலை மாட்டினார். பொத்தானை அழுத்தச் சொன்னார். பெட்ரோல் கசிந்து என் விரல் நனைந்தது. மூன்றாவது கிக்கில் பிடித்தது. ஐடிலில் ஒவ்வோர் அடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாக நின்றது.

மின்னிய முதல் அமாலை என்ன செய்வதென்று பாயிடம் கேட்டேன். ஃபிளாஞ்சைக் கண்ணாடி மேல் எமரி பேப்பர் ஒட்டித் தேய்த்தெடுக்கலாம், ஸ்லைடுக்கு லேத்தில் பித்தளை ஸ்லீவ் போடலாம், யாருக்காவது உதவும் என்றார். சாக்பீஸ் டப்பாவின் அட்டையில் ஒரு துண்டைக் கத்தரித்து, துளை போட்டு, என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன்: '376. ஸ்லைடு தேய்ந்தது. ஐடில் நிற்கவில்லை. ஃபிளாஞ்ச் வளைவு. மூடியும் ஃபுளோட்டும் நல்லவை.' பாய் வாங்கி வாசித்துவிட்டு, பென்சிலைக் கேட்டு, கீழே தேதியையும் சேர்த்தார்.