நிறுத்தப்பட்டவர் யார் பொறுப்பு?

2020 ஏப்ரல் 26 அன்று, வேலூர் மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் செல்லும் இரு சாலைகளின் குறுக்கே சுவர் எழுப்பப்பட்டது. ஒன்று குடியாத்தம்–பலமநேர் சாலையில். மற்றொன்று பொன்னை–சித்தூர் சாலையில். கண்டனம் எழுந்ததால் சில நாட்களில் அவை அகற்றப்பட்டன. சுவர் போயிற்று, அதை எழுப்பிய மனப்போக்கு போகவில்லை.

கொரோனா தொற்றைத் தடுக்கப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை வழங்கும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவே பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. ஆயினும், தடுத்து நிறுத்துவதோடு கடமை முடிந்துவிடாது. நிறுத்தப்பட்டவர் எங்கே செல்வார்? எதை உண்பார்? எங்கே உறங்குவார்? வந்த வழியும் அடைபட்டிருக்கையில் ‘திரும்பிப் போ’ என்பது நிர்வாகமன்று, கைவிடுதல்.

சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நம்பியிருக்கும் நோயாளிகள் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ஏராளம். கர்நாடக அரசு மண்ணைக் கொட்டிச் சாலைகளை மறித்தபோது, காசர்கோட்டு நோயாளிகள் மங்களூரு மருத்துவமனைகளை அடைய முடியாமல் உயிரிழந்தனர். கேரள உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. அந்த அவலம் இங்கும் நிகழலாகாது.

இம்மாநில எல்லை இரு நாடுகளுக்கு இடைப்பட்டதன்று. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. கோட்டின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. மக்களின் மொழியில் ஆட்சி நடக்கவே மொழிவழி மாநிலங்கள் கோரப்பட்டன. உழைக்கும் மக்களை ஒருவருக்கொருவர் அந்நியராக்க அன்று.

சிக்கித் தவிக்கும் தொழிலாளர், யாத்ரீகர், மாணவர் ஆகியோரை மாநிலங்கள் தமக்குள் கலந்து பேசி அனுப்பவும் ஏற்கவும் ஏப்ரல் 29 அன்றுதான் மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. ஊரடங்கு தொடங்கி ஐந்து வாரங்கள் கழிந்த பின்னர் வந்த ஆணை இது. பயணச் செலவை மத்திய அரசே ஏற்க வேண்டும்.

சோதனைச் சாவடிகளில் உணவு, குடிநீர், தங்குமிடம், மருத்துவப் பரிசோதனை ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. அனுமதி மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுபுறத்து நிர்வாகம் பொறுப்பேற்கும் வரை எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இவ்விரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசினால் ஒரே நாளில் நடைமுறைப்படுத்தக்கூடியவையே இவை.

எல்லையோரக் கிளைகளின் தோழர்கள் இக்கோரிக்கைகளை இரு மாநிலங்களிலும் ஒருசேர எழுப்ப வேண்டும். தடுத்து நிறுத்திய அரசே, நிறுத்தப்பட்டவருக்குப் பொறுப்பு.