ஏட்டில் ஓடும் விலங்குகள்



துபையிலிருந்து விடுப்பில் வந்த உறவினர் ஒருவர், என் தங்கை மகனுக்கு ஒரு புத்தகம் கொண்டு வந்தார். ஏட்டைப் புரட்டினால் அதிலுள்ள விலங்கு ஓடுகிறது. கையை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. மின்கலமும் இல்லை, ஓசையும் இல்லை. ஏழு வயதுப் பாலகன் அதை மடியில் வைத்துக்கொண்டு, மஃரிபு பாங்கு கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இதன் சூட்சுமம் எளியது. ஓடும் விலங்கின் பல நிலைகளைப் படமாக்கி, ஒவ்வொன்றையும் மெல்லிய கீற்றுகளாக வகுத்து, ஒன்றின் இடையே மற்றொன்றைக் கோத்து அச்சிடுகிறார்கள். அதன்மேல் நுண்ணிய வரிகள் கொண்ட ஒரு தகடு இருக்கிறது. ஏடு புரளும்போது இரண்டும் ஒன்றன்மீது ஒன்று நகர்வதால், ஒரு நேரத்தில் ஒரு நிலை மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகிறது. நிலைகள் விரைந்து தொடர்வதை நம் கண் ஓட்டமாகக் கொள்கிறது. அமெரிக்காவில் 2007இல் ரூபஸ் பட்லர் சேடர் வெளியிட்ட 'கேலப்', 2012இல் டேன் கெய்னன் உருவாக்கிய 'சஃபாரி' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

பார்வை எப்படி உண்டாகிறது, கண் எவ்வாறெல்லாம் பிழைபடுகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தவர், பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

உயிருள்ளவற்றின் உருவம் ஆயிற்றே, பிள்ளை கையில் கொடுக்கலாமா என்று தங்கை தயங்கினாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பற்றி அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சிறார் விளையாட்டுக்கு அவர்களில் பலர் இடமளித்துள்ளனர்.

என் கவலை வேறு.

"மாமா, சிறுத்தை ஓடுது பாருங்க!" என்றான் மருமகன். அது சிறுத்தை அன்று, சிவிங்கிப்புலி. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க் கோடுபோல் கருங்கோடு ஓடுவதே அதன் அடையாளம். நம் நாட்டில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்ட அவ்விலங்கை, 2022இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டு வந்தார்கள். "சிறுத்தை அதோ, நம் மலையில் இருக்கிறது" என்றேன். "நம்ம மலையிலயா?" என்று வியந்தான்.

நான் வெட்கினேன். அம்பாசமுத்திரத்தில் மாடிக்குப் போனாலே பொதிகை மலை தெரியும். அங்கேதான் 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அமைந்த களக்காடு முண்டந்துறை இருக்கிறது. புலி, சிறுத்தை, யானை, மிளா, சோலைமந்தி யாவும் அங்கே வாழ்கின்றன. இத்தனை ஆண்டுகளாக மதரஸாவில் ஃபீல், நம்ல், நஹ்ல் என்று சூராக்களை மனனம் செய்வித்திருக்கிறேன். அந்த யானை நம் ஆற்றின் பிறப்பிடத்தில் நடமாடுகிறது என்று ஒரு மாணவனுக்கேனும் சொன்னதில்லையே!

அடுத்த விடுமுறை நாளில் அவனைக் காரையாற்றுப் பாதையில் அழைத்துச் சென்றேன். குரங்குகளைக் கண்டதும் பிஸ்கட்டை நீட்டினான், தடுத்தேன். மனிதன் தரும் தீனிக்குப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதை மறக்கும், பின்னர் வழிப்போக்கரிடம் பறிக்கும், வாகனத்திலும் அடிபடும். சிறுத்தை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கருமந்தி மரம் விட்டு மரம் தாவி மறைந்தது.

"மறுபடியும் தாவச் சொல்லுங்க மாமா" என்றான்.

"சொன்னால் தாவுவதற்கு அது ஏடு அல்ல, தம்பி. நம்மைப் படைத்தவன்தான் அதையும் படைத்தான். அதற்கென்று ஒரு வாழ்வு உண்டு" என்றேன். சற்று நேரம் அவன் பேசாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, இத்தகைய புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள். வசதி இல்லையா? பழைய நோட்டின் ஓரங்களில் இருபது பக்கங்களுக்கு ஓர் எறும்பைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரையச் செய்து, விரைந்து புரட்டச் சொல்லுங்கள், அதுவும் ஓடும். ஆனால் விரலுக்கு அடங்கிய விலங்கோடு விட்டுவிடாதீர்கள். விரலுக்கு அடங்காததையும் ஒருமுறை காட்டுங்கள். எட்ட நின்று, கை நீட்டாமல், பொறுமையாகப் பார்க்கக் கற்பியுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.