மண்டபத்து மணியோசை



பாஞ்சாலங்குறிச்சிச் சீமையிலே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்று உண்டு. திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்தது என்று அறிந்த பிறகே கட்டபொம்மன் உணவுக்கு அமருவான் என்பார்கள். செந்தூர் எங்கே, குறிச்சி எங்கே! ஆகவே வழிநெடுக மண்டபங்கள். மண்டபந்தோறும் ஒரு மணி. மணிதோறும் ஓர் ஆள். முதல் மணியோசை காதில் விழுந்ததும் இரண்டாமவன் கயிற்றை இழுப்பான். அவன் ஓசை கேட்டு மூன்றாமவன். இப்படியே ஓசை ஓடிக் கோட்டை வாயிலை எட்டும்.

இதற்கு ஏட்டுச் சான்று எவ்வளவு என்பதை ஆராய்வோர் ஆராயட்டும். நான் வியப்பது அந்த ஏற்பாட்டிலே பொதிந்துள்ள அறிவை. மணி அடிக்கப்பட்டது மன்னனுக்காக. ஆனால் கேட்டவன் மன்னன் மட்டுமா? பருத்திக் காட்டிலே களையெடுத்தவளும் கேட்டாள். ஆட்டுக்கிடை போட்டிருந்தவனும் கேட்டான். கேட்டதற்குக் கட்டணம் இல்லை. ஆயிரம் பேர் கூடுதலாகக் கேட்டதால் ஓசை தேய்ந்துவிடவும் இல்லை!

அந்த மணியோசையின் மறுபிறவி என்று சொல்லத்தக்க ஒரு முயற்சி இன்று சோதிக்கப்படுகிறது. இணையமின்றி, சிம் அட்டையின்றி, தொலைக்காட்சியைக் கோபுரத்திலிருந்து நேரே கைப்பேசிக்கு அனுப்பும் முயற்சி. பிரசார் பாரதியின் கோபுரங்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சி, பெங்களூர் சாங்க்யா லேப்ஸ் நிறுவனம் வடித்த சில்லு ஆகியவை சேர்ந்து பெங்களூரிலும் நொய்டாவிலும் டில்லியிலும் முதற்சோதனை நடந்தது. 2024 ஜனவரியில், அப்போது செய்தி ஒலிபரப்புத் துறைச் செயலாளராக இருந்த அபூர்வ சந்திரா, இனி 19 நகரங்களில் சோதனை நடக்கும் என்றார். 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைக்கற்றையை இதற்கென ஒதுக்கவேண்டும் என்றும் சொன்னார். நாட்டிலே 28 கோடி வீடுகள். தொலைக்காட்சி உள்ளவை 19 கோடியே. ஆனால் திறன்பேசிகளோ 80 கோடி என்பது அவர் காட்டிய கணக்கு.

இதிலென்ன புதுமை, இப்போதும் கைப்பேசியிலே படம் பார்க்கிறோமே என்பீர்கள். பார்க்கிறோம், உண்மை. எப்படிப் பார்க்கிறோம்? கரிசல் காட்டு உழவனுக்கு ஒரு சொல்லில் விளக்கலாம். இணையம் என்பது குடத்திலே தண்ணீர் சுமப்பது. ஒரே பந்தாட்டத்தை ஓராயிரம் பேர் பார்த்தால், ஓராயிரம் தனித்தனிக் குடங்கள் அதே கிணற்றிலிருந்து போயாக வேண்டும். கூட்டம் பெருகினால் கிணற்றடியிலே நெரிசல். குடத்துக்குக் குடம் காசு. ஒளிபரப்போ மழை! பெய்தால் ஊர் முழுவதற்கும் பெய்யும். பத்து ஏக்கர்க்காரன் நிலம், பத்து செண்டுக்காரன் நிலம் என்று பார்த்துப் பெய்வதில்லை. மானாவாரியை நம்பி வாழும் நமக்கா மழையின் அருமையை எடுத்துரைக்க வேண்டும்?

மழை என்றதும் நெஞ்சிலே ஒரு முள் தைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாகக் கொட்டியது வானம். தாமிரபரணி பொங்கியது. கோவில்பட்டி வட்டாரத்திலும் கண்மாய்கள் தளும்பின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்திலே நின்றுபோயிற்று, சுற்றிலும் வெள்ளம். மின்சாரம் போயிற்று, கைப்பேசிக் கோபுரங்கள் பல ஊமையாயின. பெற்ற மகன் சென்னையிலே துடித்தான், தாயின் குரல் கேட்க வழியில்லை. அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர்தான், 2023 அக்டோபரில், பேரிடர் எச்சரிக்கை என்று நம் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்திலே அலறின, சோதனை என்றார்கள். கோபுரம் நிற்கும்போது அலறிய கருவி, கோபுரம் சாய்ந்தபோது என் செய்யும்?

எந்தச் செந்தூரிலிருந்து மண்டபம் மண்டபமாக மணியோசை வந்தது என்கிறோமோ, அந்தச் செந்தூரிலிருந்து அன்று ஒரு சொல்லும் வரவில்லை!

தெருவுக்கொரு சிறு கோபுரம் வேண்டுவது கைப்பேசி வலை. ஒளிபரப்புக்கு உயரமான ஒரே கோபுரம், அதற்கோர் எண்ணெய் எஞ்சின் போதும். பல காத தூரம் பேசும். மகன் தாயோடு பேச அது உதவாது. ஆனால் எந்தப் பாலம் உடைந்தது, எந்தப் பள்ளியில் சோறு கிடைக்கும், எந்தக் கண்மாய்க் கரை நிற்காது என்பதைச் சொல்லும். ஜப்பானில் 2006 ஏப்ரல் 1 முதல் இவ்வகை ஒளிபரப்பு இருந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, மின்சாரம் இழந்தவர்கள் கையிலிருந்த கருவியிலே செய்தி பார்த்தார்கள்.

வெளிநாட்டுக் கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் குவால்காம் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய கைப்பேசித் தொலைக்காட்சி 2011இல் மூடப்பட்டது. தென்கொரியாவில் துணைக்கோள் வழியாக வந்த கட்டணச் சேவை 2012இல் முடிந்தது. ஜப்பானிலேயே நாட்-டிவி என்ற கட்டணச் சேவை 2012இல் பிறந்து 2016இல் மறைந்தது. அதே கொரியாவிலும் ஜப்பானிலும் இலவசமாக வந்தவை மக்களிடம் ஊன்றி நின்றன. ஆகவே நம் நாட்டுச் சோதனையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கட்டணமா, இலவசமா?

இங்கும் இது முதற்சோதனை அன்று. 2016இல் தூர்தர்ஷன் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் கைப்பேசிக்கென ஒளிபரப்பியது. பார்க்க வேண்டுமானால் தனியே ஒரு செருகுகருவியை விலைகொடுத்து வாங்க வேண்டும்! எத்தனை பேர் வாங்கினர் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கோபுரம் பேசியது, கேட்க ஆளில்லை. இப்போது கைப்பேசிக்குள்ளேயே சில்லைப் பொருத்துவோம் என்கிறார்கள். 2025இல் லாவா, எச்.எம்.டி. நிறுவனங்கள் அத்தகைய பேசிகளை அறிவித்தன. வேறு பெரிய கம்பெனிகளோ, பேசிக்கு 30 டாலர் வரை விலை கூடும் என்று 2023இலேயே முறையிட்டன. தொலைத்தொடர்புக் கம்பெனிகளும் முகஞ்சுளிக்கின்றன. சுளிக்காமல் என்ன செய்வார்கள்? மழை பெய்தால் குடம் விற்பவனுக்கு வருத்தந்தான். விலைக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. தீப்பெட்டி ஆலையிலே கூலிக்குக் குச்சி அடுக்கும் பெண்ணுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பெருந்தொகை. அந்தச் சுமையை அவள் தலையிலே ஏற்றாமல் அரசு ஏற்க வேண்டும்.

ஆனால் என் அச்சம் வேறு. மணி ஒன்றுதான், கயிறு எவன் கையில்? கோபுரம் பேசும், கேட்காது. வானலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எனினும் ஒலிபரப்பு முழுவதும் டில்லியின் அதிகாரப் பட்டியலிலே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தோன்றியது; டிஜிட்டல் உரிமம் 2017இல்தான், அதுவும் தற்காலிகமாகக் கிடைத்தது. மாநில அரசுகள் ஒளிபரப்புக்குள் வரலாகாது என்று டிராய் பரிந்துரைத்ததும் நாம் அறிந்ததே. 2023இல் அகில இந்திய வானொலி என்ற பெயரைக் கைவிட்டு ‘ஆகாஷ்வாணி’ மட்டுமே என்றார்கள். 2024 ஜனவரியில் ‘பொதிகை’ என்ற அழகு தமிழ்ப்பெயரும் போய் ‘டிடி தமிழ்’ வந்தது. பெயரிலேயே இப்படி என்றால், எண்பது கோடிக் கைகளுக்குள் நேரே நுழையும் குரலிலே நம் பங்கு என்ன என்று கேட்பது குற்றமா?

ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியை எண்ணிப்பாருங்கள். மாலையிலே மரத்தடியில் ஊரே கூடும். பருத்தி விலை, மழைக்குறி, வயலும் வாழ்வும் எல்லாம் நம் மொழியில், நம் மண் வாடையோடு வந்தன. வட்டாரத்துக்கு வட்டாரம் நிலையம் இருந்ததால் அது இயன்றது. புதிய ஒளிபரப்பிலும் மாவட்டத்துக்கு ஓர் அலைவரிசை, பேரிடர்க் காலத்திலே மாவட்ட ஆட்சியர் உடனே பேச ஒரு வழி, மாநில அரசுக்கு உரிமையோடு ஓரிடம் ஆகிய இவற்றைச் சட்டத்திலே எழுதி வைக்கட்டும். சோதனை முடிந்து கம்பெனிகளுக்கு ஏலம் விட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்போம். சோதனை எல்லாம் ஏன் நகரத்திலேயே? அங்கேதான் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் இணையம் கொட்டிக் கிடக்கிறதே! எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையே வேலிக்கருவைக் காட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும், கைப்பேசியில் எத்தனை கோடு நிற்கிறது என்று. இருபதாவது இடமாகக் கரிசல் சீமையைச் சேர்க்கச் சொல்லி, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே துறை அமைச்சரிடம் மனுக் கொடுக்கட்டும். கோபுரம் நாட்டக் கயத்தாற்று மேட்டிலே இடம் இருக்கிறது.