பெயர் எழுதாத படங்கள்

தீபாவளிக்கு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பாட்டியின் பழைய ஆல்பம் கிடைத்தது. ஒரு படத்தில், வேட்டி கட்டிய ஒருவர் கடைவாசலில் நிற்கிறார். “இவர் யாரும்மா?” என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பாட்டியும் இப்போது இல்லை.

சிங்கப்பூரின் ஆரம்பகால ஆல்பங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வி எனக்குள் எழும்.

1844ல் பிரெஞ்சுக்காரர் ஜூல் இத்தியே, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து சிங்கப்பூர் ஆற்றைப் படம் எடுத்தார். எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிங்கப்பூர்ப் படங்களுள் அதுவும் ஒன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் அந்த முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். நகல் எடுக்க முடியாது. கண்ணாடித் தகட்டில் நெகட்டிவ் எடுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வேண்டிய அளவு அச்சிடும் முறை வந்த பிறகுதான் ஒரு நகரை ஆல்பமாகத் தொகுத்து விற்பது எளிதானது.

நம் தேசிய நூலகத்தில் உள்ள 1863ஆம் ஆண்டு ஆல்பம் அப்படி உருவானதுதான். சாக்ட்லர் நிறுவனம் எடுத்த 40 படங்கள் அதில் உள்ளன. ‘சிங்கப்பூரின் காட்சிகளும் வகைகளும்’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். ‘காட்சிகள்’ என்றால் ஊரும் கட்டடங்களும். ‘வகைகள்’ என்றால் மனிதர்கள்!

1867ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த ஜி.ஆர். லாம்பர்ட் இங்கே ஸ்டூடியோ தொடங்கினார். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்களில் பயணிகள் பெருகினர். ஊருக்குக் கொண்டுபோக அவர்கள் ஆல்பம் வாங்கினர். அவற்றில் கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் பெயர் இருந்தது. தொழிலாளிகள், வியாபாரிகள், மாட்டுவண்டிக்காரர்கள் படங்களின் கீழே பெரும்பாலும் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோதான். நம்மவர்களுக்கு ‘கிளிங்’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. இன்று அதை இழிசொல்லாகவே கருதுகிறோம்.

அந்தக்கால கேமராவில் படம் பதியச் சில வினாடிகள் ஆகும். தெருவில் நடந்தவர்கள் மங்கலாகிப்போனார்கள். அசையாமல் நின்றவர்களின் முகம் மட்டும் தெளிவாகக் கிடைத்தது. ஆனால் அவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த முகங்களில் ஒன்று நம் கொள்ளுத்தாத்தாவாக இருந்தாலும் இனி நமக்குத் தெரியப்போவதில்லை.

வியாபாரிகள் அன்று செய்யாததை வீட்டில் நானும் செய்யவில்லையே என்று உறைத்தது. கடைவாசல் படத்தை கிள்ளானில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அழைத்தார். “உன் தாத்தாவோட கூட்டாளிடா. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்தாங்க” என்றவர், பெயரையும் ஊரையும் சொன்னார். அவருக்கு வயது 84. மீதிப் படங்களையும் மறுநாளே அனுப்பினேன்.

இப்போது மகள்தான் எழுதுகிறாள், ஒவ்வொரு படத்தின் பின்புறமும், பென்சிலால், அழுத்தாமல்: பெயர், ஊர், ஆண்டு. உங்கள் வீட்டு ஆல்பத்தையும் இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். பெயர் சொல்லக்கூடியவர் ஒருவராவது இன்னும் இருப்பார்.