கத்தரிக்காயை வெளுப்பதில்லை, முகத்தை மட்டும் ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் சீக்கிரம் நிரம்புவது போட்டோ போல்டர்தான். அடுத்து, போட்டோவைத் திருத்த ஒரு புரோகிராம் வந்து சேரும். அதில் பலர் முதலில் தேடுவது முகத்தை வெளுப்பாக்கும் வசதியை. கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவன் என்ற முறையில், அந்த வசதி பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

எங்களுக்கு ஒரே செமஸ்டரில் இரண்டு பயிற்சிகள். ஒன்று 'ஸ்டில் லைப்', அதாவது அசையாத பொருள்களைப் படம் எடுப்பது. மற்றொன்று 'போர்ட்ரெய்ட்', மனித முகம். முதல் பயிற்சிக்குப் பவானி ஜமக்காளத்தை விரித்து, பித்தளைச் சொம்பு, கத்தரிக்காய், ஈரோட்டு விரலி மஞ்சள் ஆகியவற்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். நிழலைக் குறைக்க எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். இதில் மதிப்பெண் எதற்கு? மஞ்சள் மஞ்சளாகத் தெரிகிறதா, கத்தரிக்காயின் கருஊதா அப்படியே இருக்கிறதா என்பதற்குத்தான். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளை வெளிறவைத்து, 'அழகாக இருக்கிறது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது பயிற்சிக்கு, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரை எடுத்தேன். வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சட்டை. பிரிண்ட் போடக் கொடுத்த கடையில், கேட்காமலேயே முகத்தை வெளுத்துவிட்டார்கள். "இப்பத்தானுங்க பார்க்க நல்லா இருக்குது" என்று விளக்கம் வேறு. படத்தை வாங்கிப் பார்த்த பெரியவர், "இது ஆருங்க தம்பி?" என்று கேட்டார்.

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. பிலிம் காலத்திலேயே இருந்தது. 1950களில் இருந்து அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் கலர் சரி என்று பொருள். கறுத்த முகங்களின் நுணுக்கங்கள் படத்தில் காணாமல் போயின. பின்னர் பிலிமைத் திருத்த ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது, சாக்லெட், மரச்சாமான் தயாரிப்பாளர்களின் புகார். தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் விளம்பரப் படங்களில் தெரியவில்லை என்றார்கள் அவர்கள். பொருளுக்குக் கிடைத்த நியாயத்தின் வழியாகத்தான் முகத்துக்கும் நியாயம் கிடைத்தது! 2021ல்தான் கூகுள் தன் பிக்சல் 6 போனில், எல்லாத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டுவதற்காக 'ரியல் டோன்' என்ற வசதியைக் கொண்டு வந்தது.

"வாடிக்கையாளர்களே வெளுப்பாகத்தானே கேட்கிறார்கள்?" என்பார்கள். உண்மைதான். வரன் பார்க்கக் கொடுக்கும் போட்டோ என்றால் கட்டாயம் கேட்பார்கள். ஆனால் நேரில் பார்க்க வருபவர்கள் முன்னால் நிற்கப்போவது அந்தப் படம் அல்ல, அந்தப் பெண். படத்தில் நிறத்தை ஏற்றும்போது, 'உன் நிறம் போதாது' என்று அவளிடமே சொல்லிவிடுகிறோம். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேமராவின் லைட் மீட்டர் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சட்டையும் சுண்ணாம்புச் சுவரும் படத்தை நிறைத்தால், வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருண்டுவிடும். இது கேமராவின் கணக்கு, முகத்தின் குறை அல்ல. இதைச் சரி செய்வது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு.

சரி செய்திட வழி எளிது. போனில் எடுக்கும்போது 'பியூட்டி' வசதியை நிறுத்திவிட்டு, திரையில் முகத்தின்மேல் தொடுங்கள். வெளிச்சம் முகத்துக்கு ஏற்ப அமையும். கம்ப்யூட்டரில் திருத்துவதானால், இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' புரோகிராம் போதும். முதலில் ஒரிஜினல் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்திடுங்கள். பின் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கிளிக் செய்து, நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். கண்ணோரச் சுருக்கங்கள் தெளிவாகத் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் அது வேறு ஆள்.

உங்கள் பாட்டியின் படத்தை நாளை உங்கள் பேரன் திறந்து பார்ப்பான். அவனுக்குப் பாட்டி எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டும். கத்தரிக்காய்க்குக் கொடுக்கும் மரியாதையை அவருக்கும் கொடுப்போமே.