தறி சொல்லித் தரும் இங்கிலீஷ்!

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தாச்சு மக்களே! ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ முடிஞ்ச கையோட, ‘அப்பா என்ன பண்றார்?’னு கேட்பாங்க. வீட்ல தறி இருக்குற எங்க ஆரணிப் பசங்க பல பேர் ‘பிசினஸ் சார்’னு மழுப்பிடுவாங்க. கூச்சம் பாதி, ப்ரிபொசிஷன் பாதி! ‘லூம்’ங்கிற வார்த்தைக்கு முன்னாடி இன் போடுறதா, ஆன் போடுறதா, அட் போடுறதா?

குழப்பத்துக்குக் காரணம் நம்ம ‘இல்’. தறியில் அப்பா, தறியில் சேலை, குழியில் கால்... எல்லாத்துக்கும் ஒரே உருபு போதும். இங்கிலீஷுக்கு மூணும் வேற வேற. ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்க்குற இடம்னா அட்: ‘மை ஃபாதர் சிட்ஸ் அட் தி லூம்’. மேல ஏத்தியிருக்கிற பொருள்னா ஆன்: ‘தி சாரி இஸ் ஆன் தி லூம்’. உள்ளேன்னா இன். குழித்தறியில ரெண்டு காலும் குழிக்குள்ளதானே மிதிக்குது? ‘ஹிஸ் ஃபீட் ஆர் இன் தி பிட்’. மாத்தி ‘ஹி சிட்ஸ் இன் தி லூம்’னு சொன்னா, அப்பா பாவு நூலுக்குள்ள சிக்கிக்கிட்ட மாதிரி இருக்கும்!

(தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு உள், புறம், கீழ், மேல்னு ஒரு பட்டியலே கொடுத்திருக்கார். நாமதான் ‘இல்’லோட செட்டில் ஆகிட்டோம்.)

இதைவிடப் பெரிய வில்லன், ‘ஆல்’. அப்பாவால் நெய்தது, நாடாவால் நெய்தது, பட்டால் ஆனது. இங்கிலீஷ்ல செய்யுற ஆளுக்கு பை, கருவிக்கு வித், பொருளுக்கு ஆஃப். ‘வோவன் பை மை ஃபாதர்’, ‘வித் எ ஷட்டில்’, ‘மேட் ஆஃப் சில்க்’. சேலையைப் பார்த்தாலே பட்டுனு தெரியும், அதனால ஆஃப். ஆனா பட்டு நூலைப் பார்த்தா பட்டுப்புழுக் கூடு தெரியுமா? உருவமே மாறிட்டா ஃப்ரம்: ‘சில்க் இஸ் மேட் ஃப்ரம் கக்கூன்ஸ்’. ‘கையால் நெய்தது’ மட்டும் அடம் பிடிக்கும். கை கருவிதானேன்னு வித் போட வேணாம், ‘வோவன் பை ஹேண்ட்’தான்.

‘இருபது வருஷமா’ன்னா ‘சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்’ கிடையாது பாஸ். எவ்வளவு காலம்னு சொன்னா ஃபார், எப்பலேர்ந்துன்னு சொன்னா சின்ஸ்: ‘சின்ஸ் 2005’.

ஆக, அந்தக் கேள்வி வந்தா நிமிர்ந்து உட்கார்ந்து இப்படி அடிங்க: ‘மை ஃபாதர் இஸ் எ வீவர், சார். ஹி ஹாஸ் வொர்க்ட் அட் தி லூம் ஃபார் ட்வென்டி இயர்ஸ். ஹி வீவ்ஸ் சில்க் சாரீஸ் பை ஹேண்ட்.’