ஆரல் ஏன் உண்ண மறுக்கிறது?

கண்ணாடித் தொட்டியில் விட்ட ஆரல் மீன் இரை எடுக்காமல் மெலிந்தால், "நோஞ்சான் மீன், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்பார்கள் பலர். குறை மீனிடம் இல்லை, இரை போடும் வேளையில்தான் என்பது எம் கருத்து.

ஆரல் விலாங்கைப்போல் நீண்டிருந்தாலும் விலாங்கு இனம் அன்று. நம் ஆறு குளங்களின் மணலிலும் சேற்றிலும் புதைந்து, கூரிய மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பகலைக் கழிக்கும். இருட்டிய பின்பே புழு தேடிப் புறப்படும். இறைவன் அதை இரவுக்கென்றே படைத்திருக்கிறார். மோப்பத்தை நம்பி வாழும் அப்பிராணிக்குப் பட்டப்பகலில் உலர்ந்த தீனியைத் தூவி, கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டால் வருமா? தூவியது முழுவதையும் தங்கமீன்கள் நொடியில் தீர்த்துவிடும். (அவற்றின் பசிக்கு எல்லையே கிடையாது!) தீனி நிறைந்த தொட்டியிலேயே ஆரல் பட்டினியால் சாகும்.

தோழியரே, கூர்மையான சரளைக்கல் வேண்டாம். அது உடலைக் கீறிப் புண்ணாக்கும். நைசான மணலைப் பரப்பி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த்துண்டு வையுங்கள். மற்ற மீன்களுக்கு முதலில் இரை போட்டுவிட்டு, விளக்கை அணையுங்கள். அரைமணி கழித்துச் சிறு மண்புழுத் துண்டை அதன் மறைவிடத்தருகே இறக்குங்கள். பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த புழுவாக இருக்கட்டும். புதிதாக வந்த ஆரல் சில நாள் உண்ணாதிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். மிஞ்சியதைக் காலையில் அகற்றிவிட வேண்டும். மூடியில் இடுக்கு இருந்தாலோ, இரவோடு இரவாக வெளியேறிவிடும்.

"ஒரு மீனுக்கு இத்தனை பாடா?" என்று பெற்றோர் கேட்கலாம். கேட்பது நியாயமே. இரவில் பத்து நிமிடம் ஒதுக்க இயலாதவர் ஆரலை வாங்காதிருப்பதே நலம் என்போம். விருந்தினருக்குக் காட்டி மகிழத் தங்கமீன் போதும்.